காற்றாலைச் சண்டை

நானும் மச்சாளும் கடைசியாகப் பிடித்த பெரிய சண்டை ஒரு காற்றாலைக்காக. அந்தக் காற்றாலை நான் இருக்கிற யாழ்ப்பாணத்திலும் இல்லை, அவள் இருக்கிற ஸ்காபரோவிலும் இல்லை. அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோவில், அப்போது கட்டி முடியாத ஒரு பூங்காவுக்குள் நின்றது. யாரோ ஹெலிகொப்டரில் போய் எடுத்த படத்தில் நகத்தளவு தெரிந்தது. வெறும் இரும்புச் சட்டத்துக்கு மேல் கை விரித்த மாதிரி ஏதோ ஒன்று.

"இது ஃபிராங்கன்ஸ்டைன்" என்றேன்.

"விசரே உனக்கு? இது டிராகன் படத்து ஊர். அங்கதான் இப்பிடி மரச்சாமான் எல்லாம் இருக்கும். வடிவாப் பாரடி."

மூன்று நாள் கதைக்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். யூனிவர்சல் என்ற ஹொலிவூட் கம்பனிக்கு ஒர்லாண்டோவில் இரண்டு பூங்காக்கள் இருந்தன. ஒன்று 1990இல் திறந்தது, மற்றது 1999இல். மூன்றாவது வரப்போகிறது, பெயர் எபிக் யூனிவர்ஸ் என்று 2019 ஓகஸ்ட் 1ஆம் திகதி அறிவித்தார்கள். இப்படியான பூங்காக்களில் இப்போது ராட்டினங்களை விடப் பெரிய விஷயம் 'லாண்ட்'. ஒரு படத்தின் ஊரை அப்படியே கட்டிவிடுவது. தெரு, கடை, சாப்பாடு, வேலை செய்பவர்களின் உடுப்பு வரைக்கும். 2010இல் ஹரி பொட்டர் ஊரைக் கட்டிய பிறகு எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்றாவது பூங்காவில் என்னென்ன ஊர்கள் என்பதைக் கம்பனி சொல்லவில்லை. ஒரு படம் மட்டும் விட்டது. பெயர்களைச் சொன்னது 2024 ஜனவரி 30ஆம் திகதி. நடுவில் நாலரை வருஷம். அந்த நாலரை வருஷமும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் ஊகித்துக்கொண்டே இருந்தது. கோயில் திருவிழாவில் போடுகிற ராட்டினத்துக்கு மேல் எதிலும் ஏறாத நானும் அதில் ஒருத்தி.

தொடக்கி வைத்தது மச்சாள்தான். 2014இல் மாமா குடும்பம் ரொரன்ரோவில் இருந்து காரிலேயே ஒர்லாண்டோவுக்குப் போனது. இருபது மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அங்குள்ள தமிழ்ச் சனத்துக்கு இது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி, எல்லாரும் ஒருக்காவாவது போய்வருவார்கள். அந்த ஜூலையில்தான் ஹரி பொட்டரின் இரண்டாவது பகுதியான டயகன் அலி திறந்திருந்தது. வங்கிக் கூரையில் நெருப்புக் கக்கும் டிராகனின் படத்தை எனக்கு அனுப்பினாள். டிவிடியில் மட்டும் பார்த்திருந்த தெருவில் என்னுடைய சொந்தக்காரி நிற்கிறாள்! அதற்குக் கீழே ஒரு வரி: "அப்பாவுக்குக் கவலை. முந்தி இதில சுறா இருந்ததாம்."

அந்தச் சுறாவைத் தேடப்போய்த்தான் நான் மாட்டினேன். ஜோஸ் படத்தை வைத்து அங்கே ஒரு படகுச் சவாரி இருந்திருக்கிறது. 2012 ஜனவரி 2ஆம் திகதியோடு மூடிவிட்டார்கள். மூடப்போகிறோம் என்று சொன்னது ஒரு மாதத்துக்கு முன்னர்தான். கடைசி நாளில் ஏறுவதற்காக எங்கெங்கிருந்தோ வந்து அழுதவர்களின் வீடியோக்களை இரவிரவாகப் பார்த்தேன். பிளாஸ்ரிக் சுறாவுக்கு அழுகினம் என்று முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. சின்ன வயதில் தகப்பனோடு ஏறிய படகு அது, அதற்காக அழுகிறார்கள். அதே இடத்தில்தான் டயகன் அலி எழும்பியது. கட்டியவர்கள் சுறாவை நினைவுபடுத்தும் சின்னச் சின்னக் குறிப்புகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு தெரியவந்தது. புது லாண்ட் வரப்போகுது என்ற கதை வந்தாலே ரசிகர்கள் முதலில் கேட்பது 'என்ன வருது' என்று இல்லை, 'எது போகுது' என்று. அது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

ஊகிப்பது என்றால் சும்மா வாயில் வந்ததைச் சொல்வது என்று நினைக்காதீர்கள். அது ஒரு வேலை. புளோரிடா தட்டை நிலம், மழை கொட்டுகிற இடம். பெரிய கட்டடம் கட்டுவதென்றால் வெள்ளம் எங்கே வடியும் என்று பிளான் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். அந்தப் பிளான் பொது ஆவணம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். கம்பனி வாயை மூடினாலும் வாய்க்கால் கதைக்கும். குளம் எங்கே, கட்டடத்தின் சுற்றுவரை எவ்வளவு, லொறி எந்தப் பக்கத்தால் வரும் எல்லாம் அதில் இருக்கும். நான் அந்த நேரம் படவரைஞர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் விளங்காத வடிகால் பிளான், எபிக் யூனிவர்ஸ் பிளானைப் பார்த்த பிறகுதான் விளங்கியது என்று சொன்னால் சேர் நம்பமாட்டார். (எங்கட ஊரில் ஒரு மதில் எழும்பினால் உள்ளே என்ன வருகுது என்று மேசனைத்தான் கேட்கவேணும். அவருக்கும் தெரியாது.)

முக்கியமான துப்பு, பிளானில் தெரியும் பெரிய பெட்டிகள். கோட்டையும் குகையும் முன்பக்க வேஷம்தான். பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கொட்டகை இருக்கும், சவாரி ஓடுவது அதற்குள்தான். கொட்டகையின் அளவைப் பார்த்தே எந்த ஊர் பெரிசு என்று சொல்லிவிடுவார்கள். பிறகு காப்புரிமை விண்ணப்பங்கள், வணிகப் பெயர்ப் பதிவுகள், ஹெலிகொப்டர் படங்கள். நிண்டெண்டோ பகுதி 2021 மார்ச்சிலேயே ஜப்பானின் ஒசாகாவில் திறந்துவிட்டது, ஆகவே ஒர்லாண்டோவில் எழும்பும் சுவரை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பச்சை வண்ணம் அடிக்க முன்னமே 'இது மாரியோ மலை' என்று சொல்லிவிட்டார்கள்.

பிழையாகவும் போயிருக்கிறது. 2018இல் கம்பனி 'ஃபான்டாஸ்ரிக் வேர்ள்ட்ஸ்' என்ற பெயரைப் பதியக் கொடுத்தவுடன், புதுப் பூங்காவின் பெயர் இதுதான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். வந்தது எபிக் யூனிவர்ஸ். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் லாண்ட் வருகுது, வருகுது என்ற கதையோ பத்து வருஷத்துக்கு மேலாக ஓடுது. ஹரி பொட்டர் பகுதியைப் பற்றிச் சொன்னது பாதி சரி. பாரிஸ் கூரைகள் படத்தில் தெரிந்தபடியால் 1920களின் மந்திரவாதிகளின் பாரிஸ் என்று பிடித்துவிட்டார்கள். தெரு அதேதான். ஆனால் சவாரியில் ஏறினால் லண்டன் மந்திர அமைச்சு, அம்பிரிட்ஜின் விசாரணை.

2020இல் கொரோனாவோடு வேலை நின்றது. 2021 மார்ச்சில் திரும்பத் தொடங்கியது. எனக்கு நல்லாக நினைவிருப்பது 2022 மார்ச் கடைசி. இங்கே ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தவுடன் மற்றவர்கள் மோட்டர் போட ஓட, நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அந்த வாரத்து ஹெலிகொப்டர் படங்களை இறக்குவேன். காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், எங்கேயோ ஒரு இடத்தில் கிழமைக்குக் கிழமை ஒரு சுவர் உயர்ந்துகொண்டிருந்ததைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த முயற்சித்து விட்டுவிட்டேன்.

காற்றாலைக்கு வருகிறேன். 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் முடிவில் ஊர்ச்சனம் தீவட்டியோடு துரத்த, பாவப்பட்ட அந்தப் பூதம் காற்றாலைக்குள் ஓடும், காற்றாலை எரியும். யூனிவர்சலின் பழைய பேய்ப் படங்களுக்கு ஒரு லாண்ட் வருவதென்றால் காற்றாலை இல்லாமல் வருமா? இதுதான் என் வாதம். பெயர் விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். 2017இல் 'த மம்மி' என்ற ரொம் குரூஸ் படத்தோடு கம்பனி 'டார்க் யூனிவர்ஸ்' என்ற பெயரில் ஒரு படவரிசையே தொடங்கப் பார்த்தது. படம் எடுபடவில்லை, திட்டத்தையே கைவிட்டார்கள். ஊர்ச்சிரிப்பாகிப்போன அந்தப் பெயரை யார் திரும்பத் தொடுவான் என்று மச்சாளோடு ஐஸ்கிறீமுக்குப் பந்தயம் கட்டினேன். 2024 ஜனவரியில் பெயர்கள் வந்தன. டார்க் யூனிவர்ஸ். ஐஸ்கிறீம் கடன் இன்னும் நிற்குது.

ஒரு குறையையும் சொல்லவேணும், இது என்னையும் சேர்த்துத்தான். பழைய பூங்காவில் லொஸ்ட் கொன்டினென்ட் என்று ஒரு பகுதி, 1999இல் பூங்காவோடு வந்தது. எந்தப் படத்தில் இருந்தும் எடுக்காதது. பொசைடன், சிந்துபாத், டிராகன்கள் என்று சொந்தமாகக் கட்டிய கதை. அதன் ஒரு துண்டை 2010இல் ஹரி பொட்டர் எடுத்துக்கொண்டது. சிந்துபாத் 2018இல் போனார், பொசைடன் 2023இல். மிச்ச இடத்துக்கு என்ன வரும் என்பதுதான் இப்போதைய பெரிய வாக்குவாதம். செல்டா என்று ஒரு கட்சி, லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் என்று மறு கட்சி. நான் இத்தனை வருஷமாக வாசித்ததில், 'யாரும் கேள்விப்படாத ஒரு புதுக் கதை வரட்டுமே' என்று கேட்டவர்கள் அருமை. இருக்கிற பிராண்டுகளில் எதை எங்கே பொருத்தலாம் என்பதோடு எங்கட கற்பனை நின்றுவிடுகிறது. கம்பனிக்கு இதைவிட என்ன வேணும்? சம்பளம் இல்லாமல் அவர்களுக்கு விளம்பரமும் செய்து, அவர்கள் விற்கப்போவதை நாங்களே ஆசையாகவும் கேட்கிறோம். இது தெரிந்தும் நான் செல்டா கட்சி.

எபிக் யூனிவர்ஸ் 2025 மே 22ஆம் திகதி திறந்தது. மச்சாளின் கலியாணத்துக்குக் கனடா போய், அங்கிருந்து இரண்டு பேருமாக ஒர்லாண்டோ போவதாகத்தான் பிளான். கனடாவுக்கு ஒரு விசா, அமெரிக்காவுக்கு இன்னொன்று. முதலாவதே கிடைக்கவில்லை. திரும்பி நாட்டுக்குப் போவேன் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். கலியாணத்தைச் சூமில் பார்த்தேன். நாலரை வருஷம் ஒரு இடத்தின் வாய்க்கால் வரை படித்தவளுக்கு அதன் வாசலுக்குப் போகிற கடதாசியை எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை.

ஜூலையில் ஒரு நாள், இங்கே விடியப்புறம் நாலு மணி இருக்கும், வட்ஸ்அப் வீடியோ கோல். சனம், யாரோ ஒரு பிள்ளை கத்துகிற சத்தம்.

"எடியே, முழிச்சிரு. இப்ப பத்தும்."

"என்ன பத்தும்?"

"உன்ர விண்ட்மில்லடி! கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காப் பத்துதாம். கீழ சாப்பாட்டுக் கடை. நான் இருபது நிமிஷமா நிக்கிறன், இவர் பசியில ஏசுறார்."

கமெரா ஆடியது. மேலே கறுப்பாக நாலு இறக்கைகள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு இறக்கைகளில் நெருப்புப் பிடித்தது. திரையில் செம்மஞ்சளாக ஒரு பெரிய கறை, அவ்வளவுதான் தெரிந்தது. படம் உறைந்து, கோல் கட்டாகிவிட்டது.

நான் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் என் மண்டைக்குள் நாலு வருஷமாக நின்ற காற்றாலை இதைவிட உயரம். அதைச் சுற்றி இவ்வளவு சனமும் இல்லை. அது எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தச் செம்மஞ்சள் கறைதான் வருகிறது.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது: "நீ சொன்னது சரி. ஐஸ்கிறீம் கடன் கழிஞ்சுது."

இரண்டு கிழமை நாங்கள் பெரிதாகக் கதைக்கவில்லை. சண்டை இல்லை, கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. கலியாணமானவள், வேலைக்குப் போகிறவள், எனக்கும் இங்கே சைட்டில் வேலை. போன ஞாயிறு ஒரு படம் அனுப்பினாள். லொஸ்ட் கொன்டினென்ட் பக்கம், மேலே இருந்து எடுத்தது. ஒரு மூலையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

"இது என்னடி?"

பெருப்பித்துப் பார்த்தேன். கொங்கிறீற் தளமா, வெறும் மண்ணா என்று தெரியவில்லை. பிளானைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.