திறப்பவர் எவராயினும்

எங்கள் வீட்டில் பொருள்களைத் திறந்து பார்ப்பது குற்றமாகவே கருதப்பட்டது. எனக்குப் பத்து வயதிருக்கையில், கரகரத்து நின்றுபோன வால்வு வானொலியின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே தூசி படிந்த கண்ணாடிக் குமிழ்கள் ஒரு சிறு ஊரைப் போல வரிசையாக நின்றன. அவ்வூரை நான் முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் அப்பாவின் கை என் முதுகில் விழுந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. தமிழாசிரியனாக வாழ்ந்துவிட்டதால் பிரிக்கும் வேலையெல்லாம் சொற்களோடு நின்றது. பதம் பிரிக்கலாம், சந்தி பிரிக்கலாம். திரும்பச் சேர்க்கும்போது திருகாணி ஒன்று மிஞ்சிவிடுமோ என்ற கவலை அதில் இல்லை.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். சாரல் காலத்தில் அங்கே போவோர் அருவியைத்தான் நினைப்பார்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்குச் சாரல் என்பது காயாத துணி, பற்றாத தீக்குச்சி, சாடியிலேயே நீர்த்துப்போகும் உப்பு. கணவாய் வழியே வரும் அந்த ஈரம் எந்த இடுக்கையும் விட்டுவைப்பதில்லை. அக்காள் மகனின் மடிக்கணினிக்குள்ளும் பதினோரு ஆண்டுகளாக அது போய்வந்துகொண்டிருந்தது.

உண்மையில் அது அவனுடைய கணினி அன்று, அவன் தமக்கையுடையது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கணினிகள் மாணவர் கைகளுக்குப் போயின. இலவசம் என்று அதை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவ்வாறு பேசியிருக்கிறேன். 2012-இல் என் மருமகள் அதைப் பள்ளியிலிருந்து மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்தான் என் பேச்சு நின்றது. தையல் இயந்திரத்துக்குப் பின் அந்த வீட்டுக்குள் வந்த முதல் இயந்திரம் அது. அக்காள் அதற்கு ஒரு துணியுறை தைத்தாள். ஆயுத பூசையன்று அதன் மூடியில் சந்தனம் வைத்தாள். அதைக் கொண்டே அவள் செவிலியர் படிப்பை முடித்தாள். இப்போது பெங்களூரில் பணியில் இருக்கிறாள். அவளுக்குப் பத்து வயது இளையவனான தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது பள்ளிகளில் மடிக்கணினி வழங்கப்படவில்லை. ஆகவே தமக்கையின் பெட்டியோடுதான் அவன் கல்லூரிக்குப் போனான்.

அந்தப் பெட்டி இப்போது சாகக் கிடந்தது. திறந்த கால் மணி நேரத்தில் அடிப்புறம் தோசைக்கல்லாகச் சுட்டது. பிறகு தானே அணைந்தது. உள்ளேயிருந்து பல்லி கத்துவது போல 'டிக் டிக்' என்று ஓர் ஓசை. பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது தன்னை 2012 சனவரி முதல் நாளில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டது. பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியதற்கு, திறந்துகூடப் பாராமல், "இதுக்குச் செலவழிக்கிறது வீண். புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டார்களாம். பீடி சுற்றும் வீட்டில் புதியது என்பது எளிய சொல்லன்று. அதற்குள் வேறொன்றும் இருந்தது. 2017-இல் அத்தான் காலமானார். அவருடைய படங்கள், திருமணப் படம் ஒன்று நீங்கலாக, அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தன.

"நாமளே திறப்போம் மாமா" என்றான் மருமகன்.

"வேண்டாம்லே. இருக்கிறதும் போயிரும்" என்றேன். சொன்னது நானா, அப்பாவா என்று எனக்கே ஐயமாக இருந்தது.

"திறக்காட்டாலும் போகத்தான் போகுது" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் தென்காசிக்குப் போனோம். வாங்கியவை நான்கு: நகரும் உறுப்புகள் அற்ற 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 4 ஜிபி நினைவகப் பலகை ஒன்று, விரல்நுனி அளவு தெர்மல் பேஸ்ட், காசு போன்ற ஒரு மின்கலம். மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நினைவகத்தில் மட்டும் அவன் கடைக்காரரிடம் கறாராக இருந்தான். பழைய கணினிக்கு மூன்றாம் தலைமுறைப் பலகைதான் வேண்டும். நான்காம் தலைமுறையில் வெட்டுவாய் இருக்கும் இடமே வேறு, பொருந்தாது என்று அவன் சொன்னபோது, புணர்ச்சி விதி தெரிந்த மாணவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் காசி விசுவநாதர் கோயில் முன் நின்றோம். கோபுர வாசலில் எப்போதும் போலக் காற்று ஆளைத் தள்ளியது. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே இன்றுள்ள கோபுரம் இல்லை. மேல்நிலைகள் அழிந்து, பிளவுண்டு, ஒரு பெருங்காயம் போலத்தான் நின்றது. ஒன்பது நிலைகளும் மீண்டும் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990-இல். பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் பாடியதாக இங்கே ஒரு கல்வெட்டுப் பாடல் உண்டு. இக்கோயிலுக்கு எக்காலத்தேனும் ஒரு குறை நேர்ந்து, அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறிய வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. வகுப்பில் பலமுறை இதை நான் சொல்லியிருக்கிறேன். அரசனின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகத்தான் சொன்னேன். அன்று கையில் திருப்புளிப் பெட்டியோடு நின்றபோது அது வேறாகப் பட்டது. தன் படைப்பு பழுதுறும் என்று கட்டியவனுக்கே தெரிந்திருக்கிறது. அதைத் திறந்து கைவைக்கப்போகும் முகமறியாத ஒருவனை அவன் குற்றவாளியாக அல்ல, உறவினனாக எண்ணியிருக்கிறான்.

அக்காள் தன் பீடிச் சுளகைத் துடைத்துத் தந்தாள். அதில் வெள்ளைத் துண்டு விரித்து, மருமகன் ஒரு தாளில் கணினியின் அடிப்புறத்தை வரைந்தான். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதற்குரிய இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினான். நீளமானதைக் குட்டைத் துளையில் இட்டு முறுக்கினால் அது மறுபுறம் பலகையைத் துளைத்துவிடும் என்றான். மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, இயக்கு விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து உள்ளே எஞ்சிய மின்சாரத்தையும் வடித்தான். பிறகுதான் திருப்புளி.

முதலில் வன்தட்டு. அதை வெளியே எடுத்து, ஓர் உறையில் பொருத்தி, அவன் நண்பனின் கணினியோடு இணைத்தோம். பெட்டியைச் சீராக்கும் முன் அதிலிருப்பதை மீட்பதே முறை. நோயாளியின் வாக்குமூலத்தை முதலில் வாங்கிக்கொள்வது போல. உள்ளே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டின் மேல் மயிரிழைக்கும் குறைந்த உயரத்தில் ஒரு முள் மிதந்து படிக்கிறதாம். அந்த முள் வழி தெரியாமல் திரும்பத் திரும்பத் தடுமாறும் ஓசைதான் நாங்கள் கேட்ட பல்லிக் குரல். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில இடங்களில் நெடுநேரம் நின்றது. இரவு பதினொரு மணிக்கு நகலெடுப்பு முடிந்தபோது சில கோப்புகள் திறக்கவேயில்லை. எவை போயின என்பதைக் கணக்கெடுக்க யாரும் முன்வரவில்லை.

மறுநாள் விசைப்பலகையை நெம்பி எடுத்து, மேல்மூடியைப் பழைய வங்கி அட்டையால் சுற்றிலும் விடுவித்தோம். அரை நூற்றாண்டுக்குப் பின் இன்னோர் ஊரைப் பார்த்தேன். பச்சைப் பலகை, அதன் மேல் செப்புக் குழாய், குழாயின் முனையில் ஒரு சிறு விசிறி. விசிறிக்கும் அதன் முன்னிருந்த உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசி, கம்பளித் துண்டு போலத் தடித்து அடைத்திருந்தது. அதில் புகையிலைத் துகள் இருந்தது. மருமகன் அதை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்தான். அவள் முகர்ந்து பார்த்து, "என் தூள்தான்" என்றாள். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அவ்வளவே. செயலிக்கும் செப்புக்கும் நடுவிலிருந்த பசையும் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, புதிதாக ஒரு மிளகளவு வைத்தோம். நினைவகப் பலகை சாய்வாக நுழைந்து, அழுத்தியதும் 'டக்' என்று அமர்ந்தது. மின்கலத்தையும் மாற்றியாயிற்று.

பூட்டும்போதுதான் வந்தது வினை. விசைப்பலகையிலிருந்து வரும் தட்டையான ரிப்பன் கம்பி, தாயப்பலகையில் ஒரு மெல்லிய வாய்க்குள் நேராக நுழைய வேண்டும். பிறகு அதன் மேல் ஓர் இமை போன்ற தாழை மூட வேண்டும். நான் முயன்றேன், கை நடுங்கியது. அவன் முயன்றான், கம்பி கோணியது. மூன்றாம் முறை நான் அழுத்தியதில் தாழின் ஒரு முனை நொடிந்தது. அந்தச் சிறு ஓசையில் என் முதுகு தானாகக் கூசியது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

"தள்ளுலே தம்பி" என்றாள் அக்காள்.

நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றும் விரல்கள். இலையைச் சுருட்டி, தூள் சிந்தாமல் முனையை நகத்தால் மடக்கி, நூலை இறுக்கும் விரல்கள். அவள் அந்தக் கம்பியை இரு விரலால் பிடித்து, ஓரத்தைச் சற்றே வளைத்து, வாயருகே கொண்டுபோய், மூச்சுவிடும் நேரத்தில் உள்ளே செலுத்தினாள். நொடிந்த முனைக்கு மேல் சிறு ஒட்டுநாடாவை வைத்து நகத்தால் நீவினாள். பிறகு எழுந்துபோய் உலையைப் பார்த்தாள். முதலிலேயே அவளைக் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றாமல் போனதை எண்ணி வெட்கினேன்.

பெட்டி எழுந்தது. தேதியை ஒருமுறை சொல்லிக் கொடுத்தோம், அதன்பின் மறக்கவில்லை. லினக்ஸ் ஒன்றை நிறுவினான். முன்பு சோறு வேகும் நேரம் எடுத்துத் திறந்தது இப்போது அரை நிமிடத்துக்குள் திறந்தது. அக்காள் ஐயத்தோடு கேட்டாள்: "உள்ள இருந்ததையெல்லாம் மாத்திட்டியளே, இது அதே பெட்டிதானா?"

எனக்குக் கோபுரம் நினைவுக்கு வந்தது. "மேல உள்ள நிலையெல்லாம் தொண்ணூறுல கட்டினதுதானக்கா. அதை யாராவது வேற கோயில்ங்காங்களா?" என்றேன்.

"கோயில் இருக்கட்டும். அத்தான் படம் இருக்கா?"

இருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, படம் எடுக்காதே என்று கையை நீட்டி மறிக்கிறார். அவள் வெகுநேரம் பார்த்தாள். நாங்கள் முற்றத்துக்கு வந்து சாரலில் நின்றோம்.

இதையெல்லாம் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தக் கணினி திறக்கும்படி செய்யப்பட்டிருந்தது, அதுவே காரணம். இன்று வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாயப்பலகையோடு பற்றவைத்து, பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு இறுதியில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்கென ஒரு நெறிமுறையே இயற்றியது. சட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால் செய்பவனின் மனத்தில், பின்னால் ஒருவன் திறப்பான் என்ற நினைவு இல்லாவிட்டால், சட்டம் எவ்வளவு தூரம் உடன் வரும் என்று தெரியவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது. அன்று மூடும் முன், திருகாணி வரைபடத்தைச் சிறிய தாளில் படியெடுத்து, மருமகன் பேட்டரி அறையின் உள்ளே ஒட்டினான். எவை மாற்றப்பட்டன, எந்த நாளில், எந்தத் துளைக்கு நீளத் திருகாணி என்று எழுதியிருந்தான். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று என்னிடம் நீட்டினான். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திவிட்டு, கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: 'விசைப்பலகைத் தாழ் ஒருபுறம் நொடிந்துள்ளது. கவனமாகத் திறக்கவும். நொடித்தவன் நான்.'