எறும்பின் இடை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால், சிறு குன்று ஒன்றும் அதன்மேல் ஒரு சிவன் கோயிலும் காணப்படும். அவ்வூர் திருவெறும்பூர், அங்கு எழுந்தருளியிருக்கும் இறைவன் எறும்பீசர். தாரகன் என்னும் அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவங்கொண்டு வந்து அங்கு வழிபட்டனர் என்பது தலவரலாறு. எறும்பின் பெயரால் ஓர் ஊரே விளங்குவது நம் மாவட்டத்திற்குக் கிடைத்த தனிப்பெருமை. ஆயினும், ‘அத்தேவர்கள் எந்த எறும்பின் வடிவங்கொண்டனர்?’ என்று வினவியவர் ஒருவரையும் யான் இதுகாறும் கண்டிலேன். எறும்பு என்றால் எறும்புதானே என்று இருந்துவிடுகிறோம்.

தமிழ் பயில்வார்க்கும் பயிற்றுவார்க்கும் இதனால் ஓர் இடர் உண்டு. பழைய நூல்களில் வரும் உயிர்ப்பெயர்களுக்குக் குறிப்பு எழுதுவோர், ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பறவை’, ‘ஒருவகை எறும்பு’ என்று எழுதி மேலே சென்றுவிடுதல் வழக்கம். முயிறு என்னும் சொல்லுக்கு அவ்வாறே யான் பொருள் கூறிய ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “எந்த வகை, ஐயா?” என்றான். வகுப்பு நகைத்தது. நகைத்தற்குரிய வினா அன்று அது. அதற்குரிய விடை அகராதியில் இல்லை. பள்ளியின் பின்புறத்து மாமரத்தில் இருந்தது. அன்று மாலையே அம்மாணவனை அங்கு அழைத்துச் சென்றேன்.

அதன் பின்னர், ஏட்டுச்சுவடிகளின் நுண்ணிய எழுத்தைப் படிப்பதற்கென வைத்திருந்த பூதக்கண்ணாடி எறும்புகளுக்கும் பயன்படலாயிற்று. திருவரங்கத்தில் எறும்புக்குப் பஞ்சம் இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு அது. வாழைத்தோட்டமும் தென்னந்தோப்பும் நிறைந்தது. திண்ணையில் சிறிது வெல்லத்தை வைத்துவிட்டு அமர்ந்திருந்தால் போதும். ஆராய்ச்சிக்கு உரியவை தாமே வந்து சேரும்.

மாணாக்கர்களே, எறும்பை நோக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் அதன் நிறத்தையே முதலில் நோக்குவர். அன்றேல் அதன் அளவை நோக்குவர். இரண்டும் ஏமாற்றுவன. கட்டெறும்பின் புற்று ஒன்றிலிருந்து வெளிவரும் எறும்புகளைப் பாருங்கள். பெரிய தலையுடைய பருத்தவையும் மெலிந்த சிறியவையும் ஒன்றாகவே வரும். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நிறமும் அத்தகையதே. முயிற்றின் கூட்டில் பணிசெய்யும் எறும்புகள் செம்மஞ்சள் நிறத்தன. அவற்றின் அரசியோ பசுமை கலந்த பழுப்பு நிறத்தது. இவ்வெறும்பின் அறிவியற்பெயரில் மரகதம் என்னும் பொருளுடைய சொல் அமைந்திருப்பதும் அப்பசுமை பற்றியே.

ஆகவே முதற்கண் நோக்கத்தக்கது இடை. எறும்பின் நெஞ்சுப்பகுதிக்கும் பின்வயிற்றிற்கும் நடுவே, நூலிழைபோல் ஒடுங்கிய ஓரிடம் உண்டு. அவ்விடையின்மேல் சிறு கணு ஒன்றேனும் இரண்டேனும் எழுந்து நிற்கும். தலையிலுள்ள உணர்கொம்போ, நாம் முழங்கையை மடக்குவதுபோல் மடங்கியிருக்கும். இவ்விரண்டும் உள்ளதே எறும்பு.

இதனைக் கொண்டு கறையானை எளிதில் பிரித்துவிடலாம். செல் என்றும் சிதல் என்றும் வழங்கப்பெறும் கறையானுக்கு ஒடுங்கிய இடை இல்லை. உடல் ஒரே பருமனாய்ச் செல்லும். அதன் உணர்கொம்பு மடங்காது, மணிகோத்த சரம்போல் நேரே இருக்கும். மழை பெய்த மாலையில் விளக்கைச் சூழ்ந்து பறக்கும் ஈசல், சிறகு முளைத்த கறையானே. அதன் நான்கு சிறகுகளும் ஒத்த நீளத்தன. எறும்புக்கும் பருவத்தில் சிறகு முளைப்பதுண்டு. ஆனால் அதன் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஆங்கிலேயர் கறையானை ‘வெள்ளெறும்பு’ என்றே அழைத்தனர். நாம் அதற்குத் தனிப்பெயர் இட்டு வழங்கினோம். எத்தனையோ சுவடிகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். பகைவனின் பெயரையாவது சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறோம்!

தொல்காப்பியனார் மரபியலில் சிதலையும் எறும்பையும் ஒருங்கே வைத்து, மூவறிவுயிர் என்றார்; அவ்வினத்தைச் சேர்ந்த பிற உயிர்களும் உள என்று இடமும் விட்டார். இக்கால அறிஞரோ கறையானைக் கரப்பான்பூச்சியின் சுற்றமாகவும், எறும்பைக் குளவி, தேனீ ஆகியவற்றின் சுற்றமாகவும் வைக்கின்றனர். இதுகொண்டு தொல்காப்பியனாரைக் குறைகூறப் புகுவோர் சிலர் உளர். அவர் அளந்த கோல் வேறு. உற்றும் சுவைத்தும் மோந்தும் அறியும் அறிவைக்கொண்டு அவர் பகுத்தார். இவர்கள் உடலமைப்பையும் பிறப்புவழியையும் கொண்டு பகுக்கின்றனர். எனினும் ஒன்று கூறவேண்டும்: முயிற்றிற்குக் கண் உண்டு, அது நன்றாகவே காணும். கூட்டின் அருகே விரலை நீட்டிப் பார்த்தவர் இதனை அறிவர்.

நம் நாட்டு எறும்புகளை உடலுறுப்பு நோக்கி வகைப்படுத்தும் பணியில் முற்பட்டவருள் ஒருவர் தாமஸ் ஜெர்டன் என்னும் மருத்துவர். 1836-இல் சென்னைக்கு வந்து, குதிரைப்படையோடு திருச்சிராப்பள்ளியிலும் இருந்தவர். பறவை ஆராய்ச்சியால் பெரும்புகழ் பெற்ற அவர், 1851-இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். நீண்ட தாடைகளும் பெரிய கண்களும் உடையதாய், இரையைக் கண்டால் துள்ளிப் பாயும் எறும்பு ஒன்றினைப் பெயரிட்டு உலகிற்கு அறிவித்தவரும் அவரே. பின்னர் 1903-இல் பிங்கம் என்பார் இந்திய எறும்புகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். இன்று உலகில் பெயரிடப்பெற்ற எறும்பினங்கள் 14,000-க்கு மேற்பட்டவை. இந்தியாவில் மட்டும் 800-க்கு மேல் உள்ளன.

இவ்வளவையும் ஒருவர் அறிதல் அரிது. கணுவை எண்ணக் கற்றால் பாதி வழி கடந்தவர் ஆவோம். தென்னந்தோப்பில் வெறுங்காலோடு நடப்பவரைத் துள்ளவைக்கும் சிறு நெருப்பெறும்பிற்கு இரண்டு கணுக்கள். அதன் உணர்கொம்பில் பத்துத் துண்டுகள் உள. நுனியிலுள்ள இரண்டும் கதைபோல் பருத்திருக்கும். அது கடித்தது என்கிறோம். உண்மையில், தாடையால் பற்றிக்கொண்டு வயிற்றின் நுனியிலுள்ள கொடுக்கால் கொட்டுகிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்த அவ்வெறும்பு, கப்பல் சரக்கோடு உலகெங்கும் பரவியது. பிள்ளையார் எறும்பு எனப்படும் சிறு கருவெறும்பிற்குக் கணு ஒன்றே. உணர்கொம்பும் கால்களும் உடலுக்கு மிகை என்னும்படி நீண்டவை. நேரே செல்லாமல் அங்குமிங்கும் ஓடும், நம்மைத் துன்புறுத்தாது.

கட்டெறும்பினிடத்தேதான் நம் வழக்குச் சொல் சிறிது தடுமாறுகிறது. கரியதாய்ப் பெரியதாய் உள்ளவற்றை எல்லாம் அப்பெயரால் அழைத்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்றின் முதுகு வில்போல் வளைந்து வழவழப்பாக இருக்கும். அதற்குக் கொடுக்கு இல்லை, கடிக்க மட்டுமே செய்யும். மற்றொன்றின் உடல் முழுதும் உழுத நிலம்போல் வரிவரியாய்ச் சால்கள் ஓடும், கணுவின்மேல் இரண்டு முட்கள் நிற்கும், அது கொட்டும். தொலைவிலிருந்து காண்பார்க்கு இரண்டும் ஒன்றே. பூதக்கண்ணாடியில் வேறு வேறு குலத்தவை.

இனி அந்த மாமரத்து முயிற்றிற்கு வருவோம். நீண்ட கால்கள், மெல்லிய இடையில் தாழ்ந்த ஒரே கணு, கொடுக்கு இல்லை. கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தைப் பீய்ச்சும், எரிச்சல் அதனாலேயே. இலைகளின் விளிம்பைப் பல எறும்புகள் கூடி இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கௌவிக்கொண்டு வந்து, அவை உமிழும் நூலால் இலைகளை இணைத்துத் தைக்கும். தறியில் நெய்பவன் நாடாவை ஓட்டுவது போன்றது அக்காட்சி.

நற்றிணையின் 180-ஆம் பாட்டில் இக்கூடு வருகிறது. வயலில் மேயும் நாரை உராய்ந்தமையால் கூடு கலைகிறது. சிவந்த முயிறும் அதன் வெண்முட்டையும் சிதறிய தோற்றம், செந்நெல்லோடு வெள்ளரிசி கலந்து பரந்தாற்போல் இருந்ததாம். கூட்டைக் கலைத்துப் பார்த்தவனே இவ்வுவமை கூறவல்லவன். கூடு இருந்த இடம் பாகல் என்கிறது பாட்டு. பாகல் என்னும் சொல் பாகற்கொடிக்கும் உரியது, பலாமரத்திற்கும் உரியது. மெல்லிய பிளவுபட்ட இலைகளையுடைய கொடி அத்தகைய கூட்டைத் தாங்குவது அரிது. பலாவின் அகன்று தடித்த இலையோ அதற்கே அமைந்தது. பலாமரத்தில் முயிற்றுக்கூடு இன்றும் காணக்கிடைக்கிறது. ஆதலின் இங்கே பாகல் என்பது பலாவே என்பது என் துணிபு. என் கைப்படியின் ஓரத்தில் ‘ஒருவகை எறும்பு’ என்றிருந்த குறிப்பை அடித்துவிட்டு, ‘செம்மஞ்சள் நிறம், ஒரு கணு, கொடுக்கின்று, இலை தைப்பது, பாகல் - பலா’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.