விருந்தும் விலைக்கழிவும்

பெரிய அறங்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். உணவகத்தில் பணம் செலுத்தும் வேளையில் தலைகாட்டும் சிறிய அறங்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. தொழில் நிமித்தம் ஒருவரை விருந்துக்கு அழைத்துவிட்டு, பணம் கொடுக்கும்போது விலைக்கழிவுச் சீட்டை நீட்டலாமா, ஆகாதா என்பது அத்தகைய சிறிய வினாக்களுள் ஒன்று. இதனால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஆவதென்ன என்று படிப்போர் வினவக்கூடும். இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை நாளை ஓர் அலுவலகத்தில் அமர்வான்; வாடிக்கையாளரை உணவுக்கு அழைத்துச் செல்வான். அங்கே அவனுக்கு வரும் தடுமாற்றத்திற்கு நம் பாடநூல் எதிலும் விடை இல்லை.

பேச்சு வழக்கில் நாம் இதனைக் கூப்பன் என்கிறோம். தள்ளுபடியைக் கழிவு என்று சொல்வது மலேசியத் தமிழரின் வழக்கு; ஆதலால் கழிவுச் சீட்டு என்னும் பெயரும் பொருந்தும். சிங்கப்பூரில் அரசு குடும்பங்களுக்கு வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டு இதனின் வேறு. அது பணத்திற்கு ஒப்பானது. கழிவுச் சீட்டோ, விலையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாக வணிகன் தரும் வாக்கு. வணிகனே மனமுவந்து தரும் வாக்கை ஏற்பதில் இழிவு எங்கிருந்து வந்தது?

இதன் வரலாற்றிலும் இழிவில்லை. 1880களின் இறுதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், கொக்கோ கோலா ஒரு குவளை இலவசமாகப் பருகலாம் என்று சீட்டு வழங்கினார்கள். வருவோர்க்கு வணிகன் வைத்த விருந்து என்றே அதனைக் கொள்ளலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்நாட்டு இல்லத்தரசியர் பலருக்குச் சீட்டுகள் கைகொடுத்தன. 2008 நவம்பரில் சிகாகோவில் குரூப்பான் நிறுவனம் தொடங்கியபோது, முதல் சலுகையாக அமைந்தது தன் கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவகத்தில் ஒன்றின் விலைக்கு இரண்டு பிட்சா. காகிதத்தில் இருந்த சீட்டு பின்னர்க் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. இன்று நம் நாட்டில் கழிவு தராத உணவகத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

இழிவு என்னும் எண்ணம் நம் விருந்தோம்பல் மரபிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. வள்ளுவர் விருந்தினரின் மனத்தை அனிச்சத்தினும் மெல்லியதாகக் கண்டவர். வீட்டுக்கு வந்தவரின் இலையில் சோறு விழும்போது அரிசியின் விலையை எவரும் சொல்வதில்லை. தோட்டத்து வீடுகளில், கடையில் பற்று எழுதி வாங்கிய அரிசியாக இருந்தாலும், அந்தப் பற்றுக் கணக்கு விருந்தினர் காதில் விழாது. ஆயினும் தொழில் விருந்து இல்ல விருந்து அன்று. அழைப்பவருக்கு அங்கே ஒரு நோக்கம் உண்டு. வருபவரும் அதனை அறிவார். செலவாகும் பணமும் பெரும்பாலும் அழைத்தவருடையது அன்று, நிறுவனத்துடையது. எனவே இல்லத்து நெறி முழுவதையும் உணவகத்து மேசைக்குக் கொண்டு செல்ல இயலாது. கொண்டு செல்ல வேண்டியது ஒன்றே. விருந்தினர் வாடக் கூடாது.

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அளித்த இரவு விருந்துக்கு என்னையும் உடன் அழைத்திருந்தார். காகித வணிகரான சீனர் ஒருவர், அச்சு இயந்திர முகவரான மலாய்க்காரர் ஒருவர், நண்பரின் கணக்கர், நாங்கள் இருவர் என ஐவர் இருந்தோம். உணவகம் ஹலால் சான்று பெற்றது. அதுவரை நண்பரின் தேர்வில் குறையில்லை. ஆனால் அவருடைய கைப்பேசியில் இருந்த சீட்டு, நால்வர்க்கென வகுத்த உணவுத் தொகுதிக்கு மட்டுமே செல்லும். அத்தொகுதியில் மீன், கோழி, இறால் எல்லாம் இருந்தன, சைவம் இல்லை. அன்று சீன நாள்காட்டியில் பதினைந்தாம் நாள். முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்ணும் பௌத்தர்கள் நம்மிடையே பலர். காகித வணிகரும் அவர்களுள் ஒருவர்.

"வேறு ஏதேனும் வரவழைக்கலாமே" என்று நான் மெல்லச் சொன்னேன். வேறு வரவழைத்தால் சீட்டு செல்லுமா என்று நண்பர் பரிமாறுபவரைக் கேட்டார். பரிமாறும் இளைஞன் மேலாளரை அழைத்து வந்தான். மேலாளர் கைப்பேசியை வாங்கி, சிறிய எழுத்துகளில் இருந்த விதிகளை உரக்கப் படித்தார். தொகுதியை மாற்ற முடியாது. பிற சலுகைகளுடன் சேராது. ஐந்தாமவர்க்குத் தனி விலை. இவை யாவும் விருந்தினர் முன்னிலையிலேயே நிகழ்ந்தன. காகித வணிகர் மலாய்மொழியில், தமக்கு வெறுஞ்சோறும் ஒரு கீரையும் தேநீரும் போதும் என்றார். அவ்வாறே உண்டார். அவர் முகத்தில் சினமில்லை. ஆயினும் விலைப் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இங்கே குற்றம் சீட்டினுடையது என்று பலர் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. விருந்தினர் என்ன உண்பார் என்பதைச் சீட்டு முடிவு செய்ததே குற்றம். பல இனத்தார் ஒரே மேசையில் அமரும் நாடு இது. ஒருவர் ஹலால் பார்ப்பவர். மற்றொருவர் மாட்டிறைச்சி தொடாதவர். வேறொருவர் வெள்ளிக்கிழமை சைவர். முதலில் மனிதர், அடுத்து உணவு, அதற்கேற்ற இடம், இறுதியில்தான் சீட்டு என்னும் வரிசை மாறலாகாது. விதிகளை முன்னாளே தொலைபேசியில் கேட்டறிந்து, வந்தவுடன் கல்லாவில் சொல்லிவைத்து, உணவு முடியும் தறுவாயில் எழுந்து சென்று பணம் செலுத்திவிட்டு வந்தால், சீட்டு இருந்தது மேசைக்குத் தெரியப்போவதில்லை. அப்படியே தெரிந்தாலும் கேடில்லை. விருந்தினர் தாம் விரும்பியதை உண்டிருப்பார்.

இனி என் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. தோட்டம் துண்டாடப்பட்ட பின் குடும்பங்கள் சிதறிப் போயின. வேன் இல்லையேல் பிள்ளைகள் பள்ளிக்கு வர வழியில்லை. வேன் கட்டண உதவிக்காக நன்கொடையாளர் ஒருவரையும் அவருடைய நிறுவனத்தார் மூவரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரவு உணவுக்கு அழைத்தது. சங்கத் தலைவர் லாரி ஓட்டுநர். மேற்சொன்ன வரிசையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. தாமாகவே அவ்வண்ணம் செய்தார். வரிகள் சேர்வதற்கு முன் உணவின் விலை 412 வெள்ளி. நூற்றுக்கு இருபத்தைந்து கழிவு; 103 வெள்ளி மிச்சம். ரசீதைக் கணக்கேட்டில் ஒட்டி, அருகில் "கூப்பன் கழிவு" என்று பொருளாளர் எழுதியிருந்தார்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கொதித்தெழுந்தார். "கை நீட்டிக் கேட்கிறவர்கள் கூப்பனைக் கொண்டுபோய்ச் சோறு போட்டோம் என்று அவருக்குத் தெரிந்தால் நம் மானம் என்னாவது? தமிழ்ப்பள்ளி என்றாலே இப்படித்தான் என்று பேச மாட்டார்களா?" என்றார். அவர் சொன்னதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஏளனம் பட்டு வளர்ந்த தலைமுறையின் வலி அதில் இருந்தது. அப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த நூற்று மூன்று வெள்ளி இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாத வேன் கட்டணம் கட்டலாம்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டலாம் என்றேன். அந்த உறுப்பினர் அமர்ந்துவிட்டார். உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன்.

என் நிலை இதுவே. சொந்தப் பணத்தில் விருந்து வைப்பவர் சீட்டைப் பயன்படுத்தலாம், விடலாம். அது அவர் விருப்பம். பிறர் பணத்தைக் கையாள்பவருக்கு அவ்விருப்பம் இல்லை. விருந்தினர்க்குக் குறை நேராமல் செல்லக்கூடிய சீட்டு கையில் இருந்தும் கௌரவம் கருதி அதனை மறைப்பவர், ஏதோ ஒரு பிள்ளையின் வேன் கட்டணத்தில் தம் கௌரவத்தை வாங்குகிறார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 309 வெள்ளி கொடுத்துவிட்டு 412க்கு உரிமை கோருவோர் இருக்கிறார்கள். சீட்டு தம்முடைய கைப்பேசியில் வந்ததாதலால் கழிவும் தமக்கே உரியது என்பது அவர்கள் வாதம். கழிவு விலையில் குறைந்தது. விலையைக் கொடுத்தது நிறுவனம். இதில் வாதத்திற்கு இடமில்லை. அமெரிக்காவில் வேறொரு நல்ல வழக்கம் உண்டு. கழிவு பெற்ற உணவாயினும், பரிமாறியவர்க்கு வைக்கும் அன்பளிப்பைக் கழிவுக்கு முந்திய முழு விலைக்கே கணக்கிட வேண்டும் என்பர். பரிமாறியவர் சுமந்த தட்டுகளில் கழிவில்லை அல்லவா? நம் நாட்டில் பெரிய உணவகங்கள் நூற்றுக்குப் பத்து என்று சேவைக் கட்டணத்தைத் தாமே சேர்த்துவிடுவதால் அவ்வினா பெரிதும் எழுவதில்லை.

ஆசிரியர் அறையிலும் இது நடப்பதுண்டு. பணி ஓய்வு பெறுபவர்க்கு விருந்து வைக்கிறோம். ஆளுக்கு 40 வெள்ளி என்று ஒருவர் திரட்டுகிறார். கல்லாவில் தம் சீட்டைக் காட்டி ஆளுக்கு 30 வீதம் செலுத்துகிறார். எஞ்சிய பத்து எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமன்று என்று நினைக்கிறோம். என் பள்ளியில் ரசீதைப் புலனக் குழுவில் படம் பிடித்துப் போடுமாறு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தில் ஓய்வு பெறுபவர்க்கு மாலை ஒன்று வாங்குகிறோம்.