பெரும்பாடு

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஆறு மாசமா யோசனை. காளஹஸ்திக்கு மாற்றலாகி வந்ததிலேர்ந்து கோயில், கலம்காரி, ராகு கேது பூஜைக்கு வர்ற கூட்டம், என்னோட அரைகுறை தெலுங்குன்னு என்னென்னவோ எழுதியாச்சு. இது பீரியட்ஸ் பத்தி. ஆண்கள் இப்பவே நழுவப் பார்க்காதீங்க. உங்க வீட்டுலயும் ஒருத்தங்க இருப்பாங்க, உக்காந்து படிங்க.

2022 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கேஷ் குளோஸ் பண்ற நேரம். ஸ்ட்ராங் ரூம் சாவி ஒண்ணு கேஷியர்கிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும், பூட்டும். நடுவுல ஒருத்தர் எழுந்து போக முடியாது. நான் பாத்ரூம் போயிட்டு வந்து ஒண்ணேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ரெண்டு பேட் சேர்த்து வச்சிருந்தேன், புடவை வேற கருநீலம், தாங்கிடும்னு ஒரு நம்பிக்கை. கடைசிக் கட்டு எண்ணி முடிச்சு எழுந்தா, நாற்காலி முழுக்க சிவப்பு.

கேஷியர் பையனுக்கு 26 வயசு. பார்த்துட்டான். ஒரு வார்த்தை பேசல. நோட்டு எண்ணுற மெஷின் மேல போடுற துணியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கிட்டு, "தீஸ்கோண்டி மேடம்"ன்னு நீட்டினான். அந்தத் துணியைச் சுத்திக்கிட்டுதான் அன்னிக்குப் பெட்டகத்தைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து ரெண்டாவது மாடி ஏற முடியாம எட்டாவது படியில உக்காந்து அழுதேன். வெட்கம் பாதி, மூச்சு வாங்கினது பாதி.

இது ஒருநாள் கதை இல்லை. நாலு வருஷமா இப்படித்தான். மாசம் எட்டு ஒன்பது நாள். முதல் மூணு நாள் இடுப்பைக் கழட்டி வச்சிடலாமான்னு தோணுற வலி. லீவ் லெட்டர்ல மட்டும் "வைரல் ஃபீவர்". எங்க மேனேஜர் நல்ல மனுஷர், ஒரு தடவை வெகுளியா கேட்டார், "அதென்ன மேடம், இந்த வைரல் உங்களுக்கு மாசாமாசம் தேதி தப்பாம வருது?" (பீகார்ல 1992லேர்ந்தே அரசுப் பெண் ஊழியர்களுக்கு இதுக்குன்னு மாசம் ரெண்டு நாள் லீவ் உண்டு. அதை அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.)

இன்னொண்ணும் இருந்தது. பச்சரிசி. சமையலறைக்குள்ள போகும்போதெல்லாம் டப்பாவுக்குள்ள கை விட்டு ஒரு பிடி வாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பேன். "சின்னப் பிள்ளையில அரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்னுவோம், நீ கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சுத் திங்கறியே"ன்னு ரங்கமணிக்குச் சிரிப்பு. அரிசி, ஐஸ் கட்டி, மண்ணு இதெல்லாம் திங்கத் தோணுறது இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போனதோட அடையாளம்னு எங்க ரெண்டு பேருக்கும் அப்ப தெரியாது.

அம்மாவுக்கு ஃபோன் பண்ணினா, "நம்ம வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தாண்டி. நிக்கப்போற வயசுல கொட்டித் தீர்த்துட்டுத்தான் நிக்கும். பொறுத்துக்கோ." அம்மா மேல கோவமில்லை. அவளுக்கு அவங்க அம்மா சொன்னது அதுதான். நாப்பது தாண்டினா தேதி முன்னப்பின்ன ஆகலாம், நிஜம்தான். ஆனா கொட்டித் தீர்க்கணும்னு எந்த விதியும் இல்லை. அந்த வயசுக்கு மேல கொட்டினா கட்டாயம் காரணம் பார்த்தே ஆகணும். கர்ப்பப்பை உள்சவ்வுல புற்றுநோய் இருக்கான்னு தேடவேண்டிய வயசும் அதுதானே.

நம்ம பாஷையில இதுக்கு அழகா ஒரு பேர் இருக்கு. பெரும்பாடு. சித்த வைத்தியத்துல அந்தப் பேர்தான். தமிழ் பைபிள்லயும், பன்னிரண்டு வருஷம் உதிரம் போய் வைத்தியர்களுக்கே சொத்தையெல்லாம் செலவழிச்ச அந்தப் பெண்ணுக்கு இருந்தது பெரும்பாடுன்னுதான் எழுதியிருக்கும். நோய்க்குன்னு பேரே இருந்தும் நாம "தூரம்", "விலக்கு", "மாசாந்திரம்"னு சொல்லிச் சொல்லி இது ஒரு நோய்ங்கறதையே மறந்துட்டோம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஒரு டாக்டர்கிட்ட போனேன். ஊரும் பேரும் வேண்டாம். ஸ்கேன் எடுத்தாங்க. "எத்தனை குழந்தைங்க?" ரெண்டு. "அப்புறம் இது எதுக்கு? வச்சிருந்தா பின்னாடி கேன்சர்ல கொண்டு விடும். வர்ற வியாழக்கிழமை எடுத்துடலாம்." அஞ்சு நிமிஷம். ஹீமோகுளோபின்கூடப் பார்க்கல.

வீட்டு ஓனர் அம்மாகிட்ட சொன்னா, அவங்களுக்கு ஆச்சரியமே இல்லை. "தீயிஞ்சேசுகோண்டம்மா, பீட போதுந்தி." தெலுங்குலயும் அதே பீடைதான் பாருங்க. அவங்களுக்கு எடுத்தாச்சு. அவங்க தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு. எங்க பிராஞ்ச்ல பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கு 29 வயசுலயே எடுத்தாச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. நகைக்கடன் கவுண்டர்ல இதை நான் தினம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். முப்பது, முப்பத்திரெண்டு வயசுப் பொண்ணு, கூட மாமியாரோ புருஷனோ, கழுத்துச் சங்கிலியைக் கழட்டி மேசையில வைப்பாங்க. எதுக்கும்மா கடன்னு கேட்டா "கர்ப்பசஞ்சி ஆபரேஷன்". நானும் "வைத்தியச் செலவு"ன்னு எழுதி, எடை போடச் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். எத்தனை அனுப்பியிருப்பேன்னு கணக்கில்லை.

கணக்கு எடுத்தவங்க இருக்காங்க. 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 3.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தது. ஆந்திராவுல 8.9 சதவீதம். அடுத்த கணக்கெடுப்புலயும் (2019-21) பெருசா குறையல. ஏன் எடுத்தீங்கன்னு கேட்டதுக்குப் பாதிக்கு மேல சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு, வலி. அதாவது என் கேஸ்தான். மூணுல ரெண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரியில நடந்தது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர்ல தேவையில்லாம நடந்த ஆபரேஷன்களை வச்சு டாக்டர் நரேந்திர குப்தா 2013ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஏப்ரல்ல தீர்ப்பு வந்தது, மத்திய அரசோட வழிகாட்டு விதிகளை மூணு மாசத்துக்குள்ள எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்தணும்னு. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்கள் கதை 2019ல வந்ததே, ஞாபகம் இருக்கும். மாசம் மூணு நாள் கூலி போகுதேன்னு கர்ப்பப்பையையே எடுத்துக்கிட்டவங்க. நான் ஏ.சி.யில உக்காந்து சம்பளம் வாங்கறவ. ஆனா வியாழக்கிழமைக்கு லீவ் சொன்னபோது என் மனசுல ஓடினதும் அதே கணக்குதான்: இனிமே லீவ் லெட்டர் எழுத வேண்டாம்.

தடுத்தது ரங்கமணி. சென்னையிலேர்ந்து சனிக்கிழமை வந்தவர், "ரெண்டு லட்சம் கடன் கொடுக்க ரெண்டு ஜாமீன் கேப்ப, சிபில் பார்ப்ப. இதுக்கு ஒரே ஆள் வாக்குதானா?"ன்னார். இருபது வருஷத்துல அவர் சொன்ன உருப்படியான வார்த்தைகள்ல இது ஒண்ணு :-)

காளஹஸ்தியிலேர்ந்து ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர்னு அந்த ரயில் பாதை நேரா காட்பாடியில போய் நிக்கும். காட்பாடியில இறங்கினா வேலூர் சி.எம்.சி. அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு கதை உண்டு, சின்ன வயசுல கேட்டிருப்பீங்க. ஐடா ஸ்கடர் திண்டிவனத்துல அப்பா வீட்டுல இருந்தப்போ, ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து மனைவிக்குப் பிரசவம் சிக்கலாயிருக்குன்னு அவங்களைக் கூப்பிட்டாங்க. நான் டாக்டர் இல்லை, எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போங்கன்னா, ஆம்பளை டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் செத்துப் போச்சு. அப்புறம் அவங்க அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து 1900ல வேலூர்ல ஆரம்பிச்சது. வெட்கத்துனால செத்த மூணு பேர். காத்திருக்கிற பெஞ்சுல உக்காந்து எனக்கு அதுதான் ஓடிக்கிட்டு இருந்தது.

உள்ள இருந்த டாக்டரம்மாவுக்கு அறுபது இருக்கும். "எவ்வளவு போகுது?"ன்னாங்க. "கொஞ்சம் அதிகம் மேடம்." பேனாவைக் கீழ வச்சாங்க. "கொஞ்சம்னா எவ்வளவும்மா? பாங்க்ல வேலை பார்க்கிறேங்கறே. யாராவது வந்து கொஞ்சம் பணம் போட்டேன்னா ஒத்துக்குவியா?" எனக்குப் பதில் இல்லை. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட எண்ணினதில்லை.

அவங்க எண்ணச் சொன்னது இதெல்லாம். ஒரு மணி, ரெண்டு மணிக்கொரு தடவை பேட் மாத்தறியா? ராத்திரி எழுந்து மாத்தறியா? ஏழு நாளைத் தாண்டுதா? கட்டி விழுதா, எவ்வளவு பெருசு? ரெண்டரை செ.மீ.க்கு மேலன்னா அதிகம்னு அர்த்தம். நம்ம பத்து ரூபா காசு 27 மி.மீ., அதை மனசுல வச்சுக்கோங்க. சாதாரணமா ஒரு தடவைக்கு 30, 40 மி.லி. போகும், 80ஐத் தாண்டினா அதிகம்ங்கறது பழைய அளவுகோல். இப்ப அளவைவிட, உன் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்குதா, அப்ப அது அதிகம்தான்ங்கறாங்க.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன், உள்சவ்வுலேர்ந்து துளி எடுத்து பயாப்ஸி. ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12 இருக்கணும், 8க்குக் கீழ போனாலே கடுமையான ரத்தசோகை. 6.4ஐ வச்சுக்கிட்டு நான் மாடி ஏறி இறங்கி, கேஷ் எண்ணி, சமைச்சு... ஃபெரிட்டின் 4.

எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். ஃபெரிட்டின்ங்கறது சேமிப்புக் கணக்கு, ஹீமோகுளோபின் கையிருப்பு. உடம்பு முதல்ல சேமிப்பை எடுத்துத்தான் கையிருப்பைச் சரிக்கட்டும். அதனால ஹீமோகுளோபின் குறையுதுன்னு தெரியறப்போ சேமிப்பு எப்பவோ காலி. ஒரு மி.லி. ரத்தத்துல சுமாரா அரை மி.கி. இரும்பு இருக்கு. சாப்பாட்டுலேர்ந்து நாளைக்கு உடம்பு இழுத்துக்கறது ஒண்ணு ரெண்டு மி.கி.தான், அதுல ஒரு மி.கி. அன்றாடத் தேய்மானத்துக்கே போயிடும். மாசக் கடைசியில தாராளமாப் போட்டாலும் முப்பது மி.கி. மிஞ்சும். 80 மி.லி. ரத்தம் போனா பற்று 40. மாசாமாசம் ஓவர்டிராஃப்ட். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வட்டிகூடக் கட்டாது. எனக்கு நரம்பு வழியா இரும்பு ஏத்தினாங்க, ஒரு வார இடைவெளியில ரெண்டு தடவை. மாத்திரை சாப்பிடறவங்க காபி, டீயோட சாப்பிடாதீங்க, உள்ள இறங்காது.

காரணம் அடினோமயோசிஸ். கர்ப்பப்பையோட உள்சவ்வு பக்கத்துத் தசைக்குள்ள புகுந்து வளர்றது. அதான் அந்த வலி. புற்றுநோய் இல்லை. அது அப்படியே கேன்சராகும்னு பயப்பட வேண்டாம்னும் சொன்னாங்க. மத்தவங்களுக்குக் காரணம் வேற இருக்கலாம்: ஃபைப்ராய்டு கட்டி, பாலிப், தைராய்டு, சிலருக்கு ரத்தம் உறையறதுலயே குறை. அதனாலதான் காரணம் பார்க்காம கத்தி எடுக்கக் கூடாது.

"எடுத்துடணுமா மேடம்?"ன்னேன். "அது கடைசி அறை. நீ இன்னும் வாசல்லயே நிக்கறே"ன்னாங்க. டிரானெக்ஸாமிக் ஆசிட்னு ஒரு மாத்திரை. உதாகோ ஒகமோட்டோன்னு ஒரு ஜப்பான் பெண் விஞ்ஞானியும் அவங்க கணவரும் 1962ல வெளியிட்டது. பீரியட்ஸ் நாள்ல மட்டும் சாப்பிட்டாலே போக்கு பாதியளவுக்குக் குறையும். (ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு ஆகாது, டாக்டர் இல்லாம வாங்கிப் போட்டுக்காதீங்க.) மெஃபனமிக் ஆசிட் வலிக்கும் ஆச்சு, போக்கும் கொஞ்சம் குறையும். ஹார்மோன் மாத்திரைகள் இருக்கு. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற, அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செய்யற ஹார்மோன் சாதனம் இருக்கு. ஃபின்லாந்துல 1990லயே வந்துடுச்சு. இது எதுலயும் அடங்கலைன்னாதான் அறுவை. எடுத்தே ஆகவேண்டிய கேஸ் இல்லாம இல்லை. என் நாத்தனாருக்குப் பெரிய பெரிய ஃபைப்ராய்டு, எடுத்தாங்க, நிம்மதியா இருக்காங்க. ஆனா முப்பது வயசுல எடுத்தா, சினைப்பையை விட்டு வச்சாலும் அது சீக்கிரம் ஓய்ஞ்சு போகலாம். சேர்த்து எடுத்துட்டா மறுநாளே மெனோபாஸ், எலும்பும் இதயமும் அதுக்கு விலை கொடுக்கும். இதையெல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துல யாரும் சொல்லல.

இந்த ஊர்க் கதையே எடுத்துக்கோங்க. சாமி கண்ணுல ரத்தம் வந்தப்போ கண்ணப்பர் எடுத்த உடனே கண்ணைத் தோண்டல. முதல்ல பச்சிலை தேடிக் காட்டுக்கு ஓடினார், பிழிஞ்சு விட்டுப் பார்த்தார். நிக்கலைன்னுதான் அம்பை எடுத்தார்.

எனக்குச் சாதனம்தான் வச்சாங்க. ரோஜாப்பூ பாதைன்னு சொல்ல மாட்டேன். முதல் நாலு மாசம் தினம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுக்கிட்டே இருந்தது. எடுத்துத் தூக்கிப் போடுங்கன்னு ரெண்டு தடவை காட்பாடிக்கு ரயிலேறினேன். ஆறு மாசம் பொறுன்னு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. ஏழாவது மாசம் கணக்குப் புஸ்தகத்துல மொத்தம் மூணு பேட். வலி இருக்கு, ஆனா உக்காந்து வேலை பார்க்கிற வலி. ஹீமோகுளோபின் 12.1. பச்சரிசி டப்பா பக்கம் போறதே இல்லை.

ஒரு வேடிக்கை சொல்லணும். பொதுவா மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் க்ளெய்ம். கர்ப்பப்பையை எடுத்திருந்தா எனக்கு ஒத்தை ரூபா செலவாகியிருக்காது. வச்சுக்கறதுக்குக் கைக்காசு போட்டேன்.

போன மாசம் ஒரு பொண்ணு வந்தா. 31 வயசு, ரெண்டு பவுன் சங்கிலி, அதே காரணம். கடன் கேக்க வந்தவகிட்ட ஆபீசர் வைத்தியம் பேசக் கூடாது, தெரியும். இருந்தும் மாமியாரை டோக்கன் வாங்க அனுப்பிட்டு, என் உடைஞ்ச தெலுங்குல கேட்டேன்: எத்தனை பேட், கட்டி வருதா, ரத்தம் டெஸ்ட் பண்ணினாங்களா? பண்ணல. திருப்பதியில கவர்மென்ட் மெட்டர்னிட்டி ஆஸ்பத்திரி இருக்கு, ஒரு மணி நேர பஸ், அங்க ஒரு தடவை காட்டிட்டு வாம்மா, சங்கிலி எங்கயும் போயிடாது, நானும் எங்கயும் போயிடலைன்னேன். தலையாட்டினா. ஆனா அன்னிக்கே கடன் வேணும்னு மாமியார் நின்னாங்க, எழுதிக் கொடுத்துட்டேன். காரணம் கேக்கற இடத்துல "வைத்தியச் செலவு". அவ போனாளா இல்லையான்னு தெரியாது. சங்கிலி இன்னும் எங்க பெட்டகத்துலதான் இருக்கு.

என் பொண்ணுக்குப் பதினாலு. அவளுக்கும் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன், தேதியும் எண்ணிக்கையும் எழுத. "அம்மா, இதுக்கும் லெட்ஜரா?"ங்கறா. எழுதறா.

வர்ற சனிக்கிழமை மறுபடியும் காட்பாடி. ஃபெரிட்டின் பார்க்கணும்.