மரக்கறிப் பாத்திக்குக் கல் தேடிப் போன கதை



நம்ம ஊர் கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோடையில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. மாரியில் கிணறு நிரம்பி, கத்தரியும் மிளகாயும் வேரழுகிப் போகும். அதனால் பாடசாலைத் தோட்டத்தில் பாத்தியை உயர்த்திக் கட்ட நினைத்தோம். பெற்றோரிடம் இன்னும் சல்லி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மதிலோரம் பழைய கூரையின் உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகள் கிடந்தன. செலவில்லாமல் கிடைத்ததே என்று, பிள்ளைகளிடம் சுத்தியலைக் கொடுத்து அளவாக உடைக்கச் சொன்னேன். மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு மேசன் காக்கா ஓடி வந்து தடுத்தார்.

"சேர், புள்ளைகள அங்கால அனுப்புங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது."

அவர் சொன்னது உண்மை. அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கிவிடும். நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். படித்துக் கொடுக்கிற நான் அதை யோசிக்கவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் பிள்ளைகள் வருமுன், நானும் அவரும் முகக்கவசம் போட்டு, சீற்றுகளைத் தண்ணீரால் நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி ஒதுக்கினோம்.

பிறகு அவரே ஒரு சீமெந்துக் கல் போடும் வாடிக்குக் கூட்டிப் போனார். உடைந்த அரைக்கற்களை அங்கே சும்மா தந்தார்கள். லேண்ட்மாஸ்டர் கூலி மட்டும்தான் செலவு. 8 அடி நீளம், 3 அடி அகலப் பாத்திக்கு ஏறக்குறைய 33 அரைக்கல் போதும். சாந்து தேவையில்லை, கொஞ்சம் மணலில் புதைத்து நிறுத்தினால் சரி. தென்னங்குற்றியும் போடலாம், ஆனால் கறையான் விடாது. டயர் வேண்டாம், தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. பெயின்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

அடியில் ஈரம் பிடிக்கப் பொச்சுமட்டை, அதன்மேல் வாழைத்தண்டும் சருகும், மேலே மணலோடு காய்ந்த மாட்டெருவும் உமிக்கரியும். அல்ஹம்துலில்லாஹ், பசளியும் வெண்டியும் இப்போது நன்றாக வருகின்றன.

இன்னும் இரண்டு பாத்தி கட்ட வேண்டும். வீடு கட்டி மிஞ்சிய உடைகல் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து ஏற்றுவோம். அதில் காய்ப்பதை மனிதர் தின்றாலும் பறவை தின்றாலும் உங்களுக்கும் ஸதகாதான், இன்ஷா அல்லாஹ்.

சீற் மட்டும் தராதீர்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகளை அதில் கைவைக்க விடாதீர்கள்.