கலிம்போங் கள்ளி எங்கள் மாடியில்

மாமனார் காலமான பிறகு என் மாமியார் வாசற்படி தாண்டவே இல்லை. பக்கத்துக் கோவிலுக்குக் கூப்பிட்டால்கூட, "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்பார். 2019 மார்ச்சில் என் கணவருக்கு எல்.டி.சி. கிடைத்தபோது, அவரையும் அழைத்துக்கொண்டுதான் போவது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டார்ஜிலிங் பார்த்துவிட்டு இரண்டு நாள் கலிம்போங்.

டார்ஜிலிங்கிலிருந்து ஜீப் தேயிலைத் தோட்டங்கள் வழியே தீஸ்தா ஆறு வரை இறங்குகிறது. பாலம் தாண்டியதும் மறுபடி ஏற்றம். மாமியார் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். கலிம்போங் உயரம் சுமார் 4,100 அடிதான். டார்ஜிலிங் அளவு குளிர் இல்லை. மேகம் விலகினால் டெலோ குன்றிலிருந்து கஞ்சன்ஜங்கா தெரியும். ஆனால் அந்த ஊர் பேர் வாங்கியது பூச்செடி நர்சரிகளால். ஆர்க்கிட், கிளாடியோலஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளிகள்!

"ஏம்மா, கள்ளியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? அது வீட்டுக்கே ஆகாதே" என்றார் மாமியார். கண்ணாடிக் கூரைக்குள் நுழைந்ததும் பேச்சே இல்லை. பந்துபோல, தூண்போல, வெள்ளைப் பஞ்சு போர்த்தினாற்போல வரிசை வரிசையாகக் கள்ளிகள். பரோடியா என்ற உருண்டைக் கள்ளி ஒன்றின் முன் நின்றுவிட்டார். உடம்பு பச்சை, முள்ளெல்லாம் பொன் நிறம். "மஞ்சள் பூசின மாதிரி இருக்கு. இதை வாங்கிக்கலாமா?" ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. நான் ஒரு சிவப்பு உருண்டையை எடுத்துக்கொண்டேன். இரண்டுமே முப்பட்டைத் தண்டின் மேல் ஒட்டுக் கட்டியவை.

அந்தத் தண்டு டிராகன் பழக் கொடியின் இனம். வேகமாக நீர் உறிஞ்சி மேலே உள்ளதைச் சீக்கிரம் வளர்க்கும். ஆனால் ஈரம் தேங்கினால் முதலில் அழுகுவதும் அதுதான். சென்னையில் நவம்பர் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. பார்த்தால் இரண்டு தண்டும் கொழகொழவென்று! மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செடி வளர்ப்பில் பழகிய பக்கத்து வீட்டு மாமி வழி சொன்னார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒட்டுக்குச் சற்று மேலே வெட்டினேன். நடுவே வளையம் ஒன்று தெரியும். அதில் பழுப்பு இருந்தால் அழுகல் ஏறிவிட்டது என்று அர்த்தம். பழுப்பு மறையும்வரை மெல்லிய வில்லைகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால், கத்தியே அழுகலை மேலே கொண்டுபோகும்.

சிவப்பு உருண்டை முழுவதும் பழுப்பு, போயிற்று. நன்றாக இருந்திருந்தாலும் அதைத் தனியே வேர்விட வைக்க முடியாதாம். பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே தயாரிக்காது. வேறொரு தண்டில் மறுபடி ஒட்டத்தான் வேண்டும். பரோடியாவுக்கோ பச்சை உடம்பு. இரண்டாவது வில்லையிலேயே வெட்டுவாய் சுத்தமாகிவிட்டது. மாமியார் வந்து அதில் மஞ்சள் தூள் தடவினார். அதனால் நன்மையோ என்னவோ, கெடுதல் ஒன்றும் வரவில்லை.

மழைக்காலமாதலால் இரண்டு வாரம் சமையலறை அலமாரியில் நிழலில் காய வைத்தோம். வெட்டுவாய் தோல்போல இறுகிய பிறகு, உலர்ந்த பருமணலின் மேல் சும்மா உட்கார வைத்தோம், புதைக்கவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. தினமும் காலையில் மாமியார் அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். ஜனவரி கடைசியில், "ஏம்மா, ஓடி வா!" என்று குரல். அடியில் வெள்ளை நூல்போல இரண்டு வேர்!

பிறகு அகலமான, ஆழமில்லாத மண் தொட்டிக்கு மாற்றினோம். அடியில் துவாரம் கட்டாயம். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணலும் செங்கல் பொடியும், ஒரு பிடி மக்கிய எரு. மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். மழையில் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். சொந்த வேரில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அவசரப்படக் கூடாது.

அழுகும்வரை காத்திருக்காமல், பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும்போதே இதைச் செய்வது நல்லது. கள்ளியை மடித்த செய்தித்தாளால் பிடியுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பால் வடியும் கள்ளி என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்தப் பால் கண்ணில் படவே கூடாது.

இப்போது மாடியில் ஆறு தொட்டிகள். தினமும் இரண்டு வேளை மாமியார் படியேறிப் போகிறார். போன மாதம் அவரே கேட்டார்: "அடுத்த லீவுக்கு எங்கேம்மா போறோம்?"