தந்தையின் கரம் பற்றிய மகன்

இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ தெ சிக்கா 1948-இல் படைத்த 'சைக்கிள் திருடர்கள்', போருக்குப் பிந்தைய உரோமையின் வேலையின்மையைக் காட்டும் கண்ணாடி. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த அந்தோனியோவுக்காக, அடகிலிருந்த மிதிவண்டியைப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்கிறாள் மனைவி. முதல் நாளே அது களவு போகிறது. தேடிக் களைத்தவன் இறுதியில் தானே ஒரு வண்டியைத் திருடி, மகனின் கண்முன்னே பிடிபடுகிறான்.

களவு பாவமே, ஏழாம் கட்டளையில் விலக்கில்லை. ஆயினும் உழைக்க விழைந்தவனைத் திருடனாக்கிய சமூகத்திற்கு அப்பாவத்தில் பங்கில்லையா என்னும் வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. சிறுவனைக் கண்டு மனமிரங்கிய வண்டிக்குரியவர் அவனை விட்டுவிடுகிறார். மகனோ தலைகுனிந்த தந்தையின் கரத்தைப் பற்றிக்கொள்கிறான்.

1995-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. பிறரைத் தீர்ப்பிடுமுன் அச்சிறு கரத்தை நினைவிற்கொள்வோம்.